மேற்கு வாசல் வழியாக ஒரு மடம்

யார்க்‌ஷயரில் உள்ள ஃபவுண்டன்ஸ் மடத்தைப் பற்றி இணையத்தில் தேடினால் இரண்டு படங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, புல்வெளிக்கு மேல் தனியாக நிற்கும் உயரமான கோபுரம். இன்னொன்று, கமான் கமானாக வளைந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை போகும் ஒரு நீளமான கூடம். இந்த இரண்டாவது படத்துக்குக் கீழே பெரும்பாலும் தியானம், மௌனம், துறவு என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். உண்மையில் அது ஒரு கிடங்கு. பாதி கிடங்கு, பாதி வேலை செய்தவர்களின் சாப்பாட்டுக்கூடம். தேவாலயத்தில் திருப்பாடல் பாடிய துறவிகளுக்கு அங்கே பெரிதாக எந்தச் சோலியும் இல்லை.

நான் லீட்ஸில் இருப்பதால் இந்த மடங்கள் எனக்கு விடுமுறை நாள் சமாச்சாரம். கிர்க்ஸ்டால் மடம் ஊருக்குள்ளேயே, பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. வடக்கே போனால் ஃபவுண்டன்ஸ், ரீவோ, பைலண்ட். நான்குமே சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகள் சபையின் மடங்கள், நான்குமே 12ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. ஒன்றின் வரைபடம் மனதில் பதிந்துவிட்டால் மற்றவற்றில் வழி கேட்க வேண்டியதில்லை. சமையலறை எங்கே, கழிப்பிடம் எங்கே, மடத்தலைவர் எங்கே உட்கார்ந்தார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இங்கிருந்து பிரான்சின் பர்கண்டிக்குப் போய் ஃபோந்தெனே மடத்துக்குள் நுழைந்தாலும் அதே கதைதான். இந்த வரைபடம் எதற்காக இப்படி இருக்கிறது என்பதில்தான் எனக்கு ஆர்வம். ஒளி, எளிமை, கல்லின் மௌனம் என்று கட்டடக்கலைஞர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது தண்ணீரும், ஆட்களைப் பிரித்து வைத்த விதமும்தான்.

1098இல் மோலெம் மடத்திலிருந்து ராபர்ட் என்ற மடத்தலைவரும் சில துறவிகளும் கிளம்பி, பர்கண்டியில் சீத்தோ என்ற சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். சிஸ்டர்சியன் சபை பிறந்தது இப்படித்தான். புனித பெனடிக்ட் எழுதிவைத்த விதிகளை யாரும் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்பதில்லை என்பது அவர்களுடைய வருத்தம். மடங்கள் பணக்கார மடங்களாகிவிட்டன, துறவிகள் கையால் உழைப்பதை விட்டுவிட்டார்கள், வழிபாடு நீண்டுகொண்டே போகிறது. இந்தச் சின்னக் கூட்டத்தோடு கொஞ்ச வருடம் கழித்துச் சேர்ந்த பெர்நார்து என்ற இளைஞர் 1115இல் கிளேர்வோ மடத்தின் தலைவரானார். பேச்சிலும் எழுத்திலும் அவருக்கு நிகர் அப்போது ஐரோப்பாவில் யாரும் இல்லை. 1153இல் அவர் இறந்தபோது சபைக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட மடங்கள் இருந்தன.

கட்டடம் பற்றிய சபையின் கட்டளைகள் கறாரானவை. ஊருக்குள்ளோ கோட்டைக்குப் பக்கத்திலோ மடம் கட்டக் கூடாது. சிற்பமும் ஓவியமும் கூடாது. சன்னல் கண்ணாடி நிறமில்லாமல், படமில்லாமல் இருக்க வேண்டும். மணிக்கூண்டைக் கல்லால் கட்டக் கூடாது. மற்ற மடங்களில் தாழ்வாரத் தூண்களில் குரங்கும் சிங்கமும் பாதி மனிதன் பாதி மிருகமும் செதுக்கியிருப்பதைப் பெர்நார்து ஒரு கடிதத்தில் கிழித்தெடுக்கிறார். இந்த அபத்தத்துக்கு வெட்கப்படாவிட்டாலும் அதற்கு ஆகும் செலவுக்காவது வெட்கப்படக் கூடாதா என்று கேட்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிற்பங்களை அவ்வளவு ரசனையோடு வர்ணித்தவர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை.

ஃபவுண்டன்ஸ் பிறந்தது ஒரு சண்டையில். யார்க் நகரின் செல்வம் மிகுந்த புனித மரியா மடத்தில் சீர்திருத்தம் வேண்டும் என்று கேட்ட துறவிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தகராறு முற்றி, பேராயர் தர்ஸ்டன் வந்து அவர்களை வெளியே அழைத்துப் போக வேண்டியதாயிற்று. 1132 டிசம்பர் இறுதியில், நடுக்குளிரில், ஸ்கெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 13 பேருக்கு அவர் ஒரு துண்டு நிலம் கொடுத்தார். முதல் குளிர்காலத்தை மரத்தடியில் கழித்தார்கள் என்பது மடத்தின் சொந்த வரலாறு. அவர்கள் கிளேர்வோவுக்கு எழுதிக் கேட்க, பெர்நார்து ஜெஃப்ரி என்ற வயதான துறவியை அனுப்பிவைத்தார். எப்படிப் பாடுவது, எப்படி நாளைப் பிரிப்பது, எப்படிக் கட்டுவது எல்லாவற்றையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இத்தனை மடங்களும் ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரிவதற்கு இப்படிப்பட்ட ஆட்கள் ஒரு முக்கியக் காரணம். வரைபடம் அவர்கள் தலைக்குள்ளே பயணம் செய்தது. 1979–80இல் நடந்த அகழாய்வில், இன்றைய தேவாலயத்தின் தெற்குக் கைக்கு (சிலுவை வடிவத் தேவாலயத்தில் தெற்கே நீளும் பகுதிக்கு) அடியில் ஒரு மரக் கட்டடம் நின்ற குழிகளும், அதற்கு அடுத்து எழுந்த சிறிய கல் தேவாலயத்தின் தடமும் கிடைத்தன. 1146 வாக்கில், யார்க் பேராயர் பதவி பற்றிய அரசியலில் மடத்தலைவர் தலையிட்டதற்காக ஒரு கும்பல் வந்து மடத்துக்குத் தீ வைத்தது. இப்போது நாம் பார்க்கும் பெரிய கட்டடங்கள் அதற்குப் பிறகு எழுந்தவை.

சரி, உள்ளே போவோம்.

நடுவில் ஒரு சதுர முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம். முற்றம் வைத்த வீட்டில் புழங்கியவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். வடக்கில் தேவாலயம், கிழக்கில் துறவிகள் கூடுவதும் தூங்குவதுமான கட்டடம், தெற்கில் சாப்பாடு, மேற்கில் அந்த நீளமான கூடம். தேவாலயத்தை வடக்கே வைத்தால் முற்றத்துக்கு வெயில் கிடைக்கும், வடகாற்று தடுக்கப்படும். ஆனால் வெயிலை விடத் தண்ணீர் முக்கியம். வேல்ஸில் உள்ள டின்டர்ன் மடத்தில் ஆறு வடக்குப் பக்கம் இருப்பதால் முற்றத்தைத் தூக்கி வடக்கே வைத்துவிட்டார்கள். ரீவோவில் பள்ளத்தாக்கு குறுகலாகவும் சரிவாகவும் இருப்பதால் தேவாலயத்தையே திருப்பிவிட்டார்கள். அங்கே பீடம் இருக்கும் "கிழக்கு", திசைகாட்டியில் பார்த்தால் கிட்டத்தட்டத் தெற்கு. விதிகளில் இவ்வளவு கறாரான சபை சூரியன் உதிக்கும் திசையில் சமரசம் செய்துகொண்டது, சாக்கடை வாட்டத்தில் செய்துகொள்ளவில்லை.

கிழக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூட்ட அறை. தினமும் காலையில் பெனடிக்ட்டின் விதியிலிருந்து ஓர் அதிகாரம் வாசிப்பார்கள், குற்றங்களை ஒப்புக்கொள்வார்கள், நிலம் வாங்குவதா விற்பதா என்று பேசுவார்கள். ஃபவுண்டன்ஸில் முற்றத்திலிருந்து மூன்று வளைவு வாசல்கள் இதற்குள் போகின்றன. மடத்தலைவர்கள் பலரை இதன் தரைக்கடியிலேயே புதைத்திருக்கிறார்கள். அதாவது, புதிய தலைவர் பழைய தலைவர்களின் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டேதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பக்கத்தில் பேச்சு அறை. மடத்தில் மற்ற இடங்களில் கை சைகைதான் பழக்கம், அவசியமானதைப் பேச வேண்டுமென்றால் இங்கே வர வேண்டும்.

இவற்றின் மேலே, கட்டடத்தின் நீளம் முழுக்க, ஒரே படுக்கைக்கூடம். எல்லாரும் அங்கிகூடக் கழற்றாமல் வரிசையாகத் தூங்கினார்கள். நடு இரவு தாண்டியதும் மணி அடித்தால் இரவுப் படிக்கட்டு வழியாக நேராகத் தேவாலயத்தின் தெற்குக் கைக்குள் இறங்கிவிடலாம், பனியில் கால் வைக்க வேண்டாம். பகலில் இறங்க வேறு படிக்கட்டு. நாளுக்கு எட்டு வேளை வழிபாடு என்று வைத்துக்கொண்டவர்களுக்கு நடக்கும் தூரம் ஒரு கவலைதான். தூங்கும் இடத்தைத் தேவாலயத்தோடு ஒட்டவைத்ததற்கு இதை விட ஆழமான இறையியல் காரணம் தேட வேண்டியதில்லை.

தெற்குப் பக்கம் இன்னும் சுவாரசியம். முதலில் கணப்பு அறை. சமையலறையையும் நோயாளிகள் தங்கும் இடத்தையும் விட்டால், துறவிகளுக்கு நெருப்புக் கிடைத்த இடம் இது ஒன்றுதான். ஃபவுண்டன்ஸில் இங்கே இரண்டு பிரம்மாண்டமான கணப்புகள் இருக்கின்றன. துறவிகள் குளிர் காய்வது மட்டுமல்ல, செருப்புக்குக் கொழுப்புத் தடவுவதும், வருடத்துக்கு நாலு முறை உடல்நலத்துக்காக இரத்தம் இறக்குவதும் இந்த மாதிரி அறையில்தான். இதற்கு நேர் மேலே மடத்தின் பத்திரங்களை வைக்கும் அறை. கீழேயிருந்து வரும் சூடு தோல் ஏடுகளை ஈரம் பிடிக்காமல் காத்தது. யார் யோசித்த யோசனையோ, பிரமாதம்.

அடுத்து உணவுக்கூடம். பழைய பெனடிக்டைன் மடங்களில் இது முற்றத்தின் தெற்குச் சுவரை ஒட்டி, கிழக்கு மேற்காகப் படுத்திருக்கும். ஃபவுண்டன்ஸிலும் கிர்க்ஸ்டாலிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டு மடங்களும் அதை இடித்து, முற்றத்துக்குச் செங்குத்தாக, தெற்கு நோக்கி நீட்டித் திருப்பிக் கட்டின. இத்தனை செலவு எதற்கு? காரணம் சமையலறை என்றுதான் எனக்குப் படுகிறது. துறவிகள் வாரத்துக்கு ஒரு குழுவாக முறைவைத்துச் சமைக்க வேண்டும் என்பது பெனடிக்ட்டின் விதி. அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டுமென்றால் சமையலறை முற்றத்திலிருந்து நேரே போகும்படி இருக்க வேண்டும். உணவுக்கூடம் படுத்துக்கிடந்தால் அதற்கு இடமில்லை. செங்குத்தாகத் திருப்பினால் ஒரு பக்கம் கணப்பு அறை, மறுபக்கம் சமையலறை, இரண்டுக்கும் வாசல் முற்றத்தில். இன்னொரு லாபமும் கிடைத்தது. சமையலறைக்குக் கிழக்கே துறவிகளின் உணவுக்கூடம், மேற்கே இன்னொரு கூட்டத்தின் உணவுக்கூடம். இரண்டு பக்கமும் சுவரில் திறப்பு வைத்து ஒரே அடுப்பிலிருந்து இரண்டு பந்திக்கும் தட்டுகளைத் தள்ளலாம். இவர்கள் அவர்களைப் பார்க்கவே வேண்டியதில்லை.

அந்த இன்னொரு கூட்டம்தான் பணிச் சகோதரர்கள். இலத்தீனில் கான்வெர்சி. இவர்களும் துறவு வாக்குக் கொடுத்தவர்கள்தான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத உழவர்கள், மேய்ப்பர்கள், கொல்லர்கள், கொத்தர்கள். தெரிந்துகொள்ளவும் கூடாது. புத்தகம் தொடக் கூடாது, மனப்பாடமாகச் சில செபங்கள் போதும் என்று சபையின் விதியே சொல்கிறது. துறவிகள் வாடகையும் வரியும் வாங்கிப் பிழைக்கக் கூடாது, சொந்த நிலத்தில் சொந்த உழைப்பில் வாழ வேண்டும் என்று சபை முடிவெடுத்தது நல்ல விஷயம். ஆனால் எட்டு வேளை பாடுகிறவன் எத்தனை ஏக்கர் உழுவான்? அந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான் இவர்கள். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் ரீவோவில் 140 துறவிகளும் 500 பணிச் சகோதரர்களும் இருந்ததாக அங்கே வாழ்ந்த ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதியிருக்கலாம். விகிதம் நம்பும்படியாக இருக்கிறது.

இந்த ஆட்களுக்கு இடம் எங்கே என்ற கேள்விக்குப் பதில்தான் மேற்குக் கட்டடம். ஃபவுண்டன்ஸில் அது ஏறக்குறைய 90 மீட்டர் நீளம், நடுவில் ஒற்றைத் தூண் வரிசை, அதிலிருந்து இரண்டு பக்கமும் விரியும் 22 ஜோடி வளைவுகள். தூணுக்குத் தலைப்பு கிடையாது. தரையிலிருந்து கிளம்பும் கல் அப்படியே வளைந்து கூரையாகிவிடுகிறது. இன்று ஒரே கூடமாகத் தெரிந்தாலும் அப்போது தடுப்புச் சுவர்கள் இருந்தன. வடக்குப் பகுதி சேமிப்பு, தெற்குப் பகுதி பணிச் சகோதரர்களின் உணவுக்கூடம், மேல்தளம் முழுக்க அவர்களுடைய படுக்கை. தெற்குக் கோடி ஆற்றின் மேலேயே நிற்கிறது. அதை ஒட்டி அவர்களுடைய கழிப்பிடம், கீழே ஓடும் ஸ்கெல் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். நோயாளிகள் கட்டடமும் தனி. தேவாலயத்துக்குள் இறங்க அவர்களுக்கென்று வேறொரு இரவுப் படிக்கட்டு, அது நடுக்கூடத்தின் மேற்குக் கோடியில் போய்ச் சேரும். உள்ளேயும் குறுக்குத் தடுப்புச் சுவர்கள். கிழக்கில் துறவிகள் பாடும் இடம், மேற்கில் பணிச் சகோதரர்கள் நிற்கும் இடம். தூண்களுக்கு நடுவேகூடச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நம் கண்ணுக்கு 11 வளைவுகள் நீண்டு போகும் ஒரே பெரிய வெளியாகத் தெரியும் தேவாலயம், அந்தக் காலத்தில் அடைத்து அடைத்து வைத்த அறைகளாகத்தான் இருந்திருக்கும்.

இதை இன்னும் பச்சையாகப் பார்க்க வேண்டுமென்றால் பைலண்டுக்குப் போக வேண்டும். அங்கே முற்றத்தின் மேற்குத் தாழ்வாரத்துக்கும் மேற்குக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பணிச் சகோதரர்கள் முற்றத்தில் கால் வைக்காமல் தேவாலயத்துக்குப் போய்வர அது வழி. சுவரில் அவர்கள் உட்கார மாடங்கள். முற்றத்தில் உட்கார்ந்து வாசிக்கும் துறவிக்கு வேலையாட்களின் நடமாட்டம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அதே பைலண்டில் முதலில் கட்டி முடித்தது எதை என்று பார்த்தால், பணிச் சகோதரர்களின் மேற்குக் கட்டடத்தை. துறவிகள் அங்கே குடிவந்தது 1177இல், அதற்குப் பல வருடங்கள் கழித்து. மண்ணைத் தோண்டி, சதுப்பை வடித்து, மற்றதையெல்லாம் எழுப்பும் ஆட்களுக்கு முதலில் கூரை வேண்டுமே.

இதைப் போலித்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஏழை உழவனுக்கு அன்றைக்கு இருந்த வழிகளில், நிச்சயமான சோறும், நோயில் கவனிப்பும், சாவில் செபமும் கிடைக்கும் இடம் இது. அத்தனை பேர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் சிஸ்டர்சியன் எளிமையைப் புகழும்போது கிழக்குக் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதிக் கணக்கு. யார்க்‌ஷயர் மலைகளில் ஃபவுண்டன்ஸ் வைத்திருந்த ஆட்டு மந்தைகளும், கில்ன்சி போன்ற வெளிப் பண்ணைகளும், இத்தாலிய வணிகர்களுக்கு முன்கூட்டியே விற்ற கம்பளியும் ஓடியது மேற்குக் கட்டடத்து ஆட்களின் கைகளில்.

எளிமை பற்றி இன்னொன்று. இன்று நாம் ரசிக்கும் வெறும் கல் சுவரைத் துறவிகள் பார்த்ததில்லை. உள்சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் கல் இணைப்புகளைப் போலக் கோடு இழுத்திருந்தார்கள். உண்மையான கல்லின் மேல் பூச்சு, பூச்சின் மேல் பொய்யான கல். புரோவென்ஸில் உள்ள லெ தொரோனே மடத்தை 1953இல் பார்த்துவிட்டு வந்து நவீனக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வெறும் கல்லின் மேல் வரும் மோகத்தில் நூற்றாண்டுகளின் மழைக்கும் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

விதிகள் தளர்ந்ததையும் கட்டடமே காட்டிக்கொடுக்கிறது. எனக்கு மிகவும் சிரிப்பு வரவழைப்பது மடத்தலைவரின் வீடு. தலைவரும் மற்றவர்களோடு பொதுக்கூடத்தில் தூங்க வேண்டும் என்பது விதி. அவருக்கோ தனி அறை வேண்டும். என்ன செய்தார்கள்? படுக்கைக்கூடத்தோடு சேர்ந்த கழிப்பிடக் கட்டடத்தை ஒட்டி அவருக்கு வீடு கட்டினார்கள். கழிப்பிடம் வழியாகப் படுக்கைக்கூடத்தோடு தொடர்பு இருக்கிறதல்லவா, அப்படியென்றால் அவரும் அங்கேதான் தூங்குகிறார். கிர்க்ஸ்டாலிலும் ஃபவுண்டன்ஸிலும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். இறைச்சி விஷயமும் இப்படித்தான். 14ஆம் நூற்றாண்டில் போப் 12ஆம் பெனடிக்ட் சில நிபந்தனைகளோடு இறைச்சிக்கு இடம் கொடுத்தார், ஆனால் பழைய உணவுக்கூடத்தில் அல்ல. கிர்க்ஸ்டால்காரர்கள் உயரமான உணவுக்கூடத்தின் நடுவே ஒரு தளம் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். மேல்தளத்தில் மரக்கறிப் பந்தி, கீழ்த்தளத்தில் இறைச்சிப் பந்தி, பக்கத்தில் புதிதாக ஓர் இறைச்சிச் சமையலறை.

மேற்குக் கட்டடங்கள் அதற்கு முன்பே காலியாகத் தொடங்கியிருந்தன. பணிச் சகோதரராகச் சேர ஆள் குறைந்துகொண்டே வந்தது. 1348–49இன் கொள்ளைநோய் மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது. பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டார்கள். வாடகை வாங்கக் கூடாது என்று கிளம்பிய சபை வாடகையில் வாழத் தொடங்கியது. கடைசியில் கோபுரம். மார்மடூக் ஹூபி 1495இல் ஃபவுண்டன்ஸின் தலைவரானார். தேவாலயத்தின் நடுவே கோபுரம் எழுப்பப் பார்த்தால் தூண்கள் தாங்கவில்லை. விடவில்லை மனிதர். வடக்குக் கையின் நுனியில் தனியாக ஏறக்குறைய 49 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிவிட்டார். கல் மணிக்கூண்டு கூடாது என்ற கட்டளை எங்கே போயிற்றோ. அழகான கோபுரம் என்பதை மறுக்க முடியாது. 1539 நவம்பர் 26ஆம் தேதி மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் மடத்தை எடுத்துக்கொண்டபோது, அது கட்டி முடித்து ஒரு தலைமுறைகூட ஆகியிருக்கவில்லை.

அப்புறம் நடந்தது எல்லா மடங்களுக்கும் நடந்ததுதான். கூரை ஈயத்தை உருக்கினார்கள். இடத்தை ரிச்சர்ட் கிரஷாம் என்ற வணிகர் வாங்கினார். 1600ஐ ஒட்டிய வருடங்களில் ஸ்டீபன் புராக்டர் என்பவர் மடத்துக் கற்களையும் எடுத்து மேற்குப் பக்கம் ஃபவுண்டன்ஸ் ஹால் என்ற மாளிகையைக் கட்டினார். 1767இல் பக்கத்துத் தோட்டத்துக்குச் சொந்தக்காரரான வில்லியம் எய்ஸ்லபி இடிபாடுகளை வாங்கித் தன் தோட்டத்தின் காட்சிப்பொருளாக ஆக்கினார். தோட்டத்துப் பாதையில் வருகிறவர்களுக்கு மடம் கிழக்கிலிருந்து தெரியும். தேவாலயத்தின் கிழக்குக் கோடியில் உள்ள ஒன்பது பீடங்களின் சிற்றாலயமும் ஹூபியின் கோபுரமும்தான் முதலில் கண்ணில் படும், அதாவது மடம் தன் விதிகளை மறந்த காலத்தின் கட்டடங்கள். மடத்தின் உண்மையான வாசல் மேற்கில் இருந்தது.

யாராவது போவதாக இருந்தால் ஃபவுண்டன்ஸ் ஹால் பக்கமாக, மேற்கிலிருந்து நுழையுங்கள் என்பேன். முதலில் மாவு ஆலை வரும். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி, மடம் போன பிறகும் ஓடி, 1927 வரை அரைத்த ஆலை. அடுத்து ஆற்றங்கரையோடு நடந்து மேற்குக் கட்டடத்தின் தெற்குக் கோடியையும், ஆறு அதன் கீழே நுழையும் கல் வளைவுகளையும் பாருங்கள். குனிந்து பார்க்கலாம், நாற்றமெல்லாம் போய் ஐந்நூறு வருடமாகிறது. தேவாலயத்துக்கு அதற்கப்புறம் போனால் போதும்.